ஐபிஎல் நெட் பவுலர் வாய்ப்பு என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

கிரிக்கெட் ஆடும் பிள்ளை வீட்டில் இருந்தால், அதிலும் சென்னைக்கு வெளியே இருப்பவர்கள், தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். என் அக்கா குடும்பத்திடம் 85,000 ரூபாயை எப்படிப் பிடுங்கினார்கள் என்பதைத்தான் எழுதுகிறேன்.

எங்களுக்குக் கோவில்பட்டி பக்கம். அக்கா மகனுக்கு 17 வயது, இடது கை வேகப்பந்து வீச்சு. டென்னிஸ் பாலில் ஆரம்பித்து ஸ்டிட்ச் பாலுக்கு (தோல் பந்து) மாறியவன். அவன் யார்க்கர் போட்டு ஸ்டம்பைச் சாய்த்த வீடியோவை யாரோ இன்ஸ்டாகிராமில் ஏற்றியிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு ஒருவன் அத்தானுக்கு ஃபோன் செய்தான். தான் ஒரு ஐபிஎல் அணிக்கு ஆள் தேடும் ஸ்கவுட் என்றான். "லெஃப்ட் ஆர்ம் பையன் கிடைப்பது கஷ்டம் சார், நெட் பவுலராக உள்ளே வந்துவிட்டால் அப்புறம் அவன் பாடு" என்றான். நெட் பவுலர் என்றால் பயிற்சியின்போது அணியின் பேட்ஸ்மேன்களுக்குப் பந்து போடுபவர். அணியின் முத்திரை போட்ட கடிதம், அடையாள அட்டை, எல்லாம் வாட்ஸப்பில் வந்தன.

அவன் சொன்ன உதாரணம் தமிழக வேகப்பந்து வீச்சாளர் நடராஜன். 2020-இல் நெட் பவுலராக ஆஸ்திரேலியா போய் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காக அறிமுகமானார் என்பது உண்மைதான். அதனால்தான் அந்தப் பேச்சு எடுபட்டது. ஆனால் சின்னப்பம்பட்டியிலிருந்து வந்து சென்னை லீக் ஆடி, 2015-இல் மாநில அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பையில் இறங்கி, பந்துவீச்சு முறை மேல் புகார் வந்து, அதைத் திருத்தி, டிஎன்பிஎல்லில் (தமிழ்நாடு பிரீமியர் லீக்) யார்க்கர் போட்டுக் காட்டிய பிறகுதான் 2017 ஏலத்தில் அவரைப் பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. இந்தப் பாதி கதையை அவன் சொல்லவே இல்லை.

முதலில் பதிவுக் கட்டணம் 5,000. அடுத்து மெடிக்கல், இன்ஷூரன்ஸ் என்று 20,000. பிறகு சென்னைக்கு வெளியே வாடகைக்கு எடுத்த ஒரு மைதானத்தில் "செலக்‌ஷன்". ஆந்திராவிலிருந்து கூடப் பையன்கள் வந்திருந்தார்கள். மார்பில் ஒட்ட நம்பர் ஸ்டிக்கர் கொடுத்தார்கள். எங்கள் பையனுக்கு 114, மூன்று பேர் தள்ளி நின்ற பையனுக்கும் 114. ஆளுக்கு ஒரு ஓவர். ஸ்பீடு கன் கிடையாது. நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் யார் பெயரையும் கேட்கவில்லை. பந்து போட்டு முடித்ததும் ஒரு டி-ஷர்ட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்த வாரமே "தேர்வாகிவிட்டான்" என்று கடிதம் வந்தது. கிட்டுக்கும் ஒப்பந்தப் பத்திரத்துக்கும் 60,000 கேட்டார்கள். அக்கா சங்கிலியை அடகு வைத்து அனுப்பினாள். அதன் பிறகு அந்த நம்பர் அணைந்தேதான் கிடக்கிறது.

பணத்தைவிட எனக்கு ஆறாதது ஒன்று உண்டு. அந்தப் போலித் தேர்வு நடந்த அதே நாளில்தான் மாவட்ட 19 வயதுக்குட்பட்டோர் அணிக்கான தேர்வும் இருந்தது. "ஐபிஎல்லுக்கே கூப்பிடும்போது மாவட்டம் எதற்கு" என்று அந்த ஆள்தான் தடுத்திருக்கிறான். நிஜமான வாசல் அதுதான். இனி அடுத்த சீசன் வரை அவன் காத்திருக்க வேண்டும். ஒரு மாதம் பந்தையே தொடாமல் இருந்தான் பையன்.

ஐபிஎல்லில் பணம் எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள். அணிதான் ஆட்டக்காரனுக்குக் கொடுக்கும். நெட் பவுலராகப் போகிறவனுக்கும் அணிதான் தங்க இடமும் பணமும் தரும். ஏலத்துக்கான பெயர்கள் மாநிலச் சங்கம் வழியாகத்தான் போகின்றன. 13 வயதில் 1.1 கோடிக்கு ராஜஸ்தான் எடுத்த வைபவ் சூர்யவன்ஷியைக் காட்டியும் இப்போது ஆசை காட்டுகிறார்கள். அந்தச் சிறுவன் ஏலத்துக்கு முன்பே பீகாருக்காக ரஞ்சி ஆடியவன். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மாவட்டச் சங்கம், சென்னை டிவிஷன் லீக், அங்கிருந்து டிஎன்பிஎல் என்று வழி இருக்கிறது. வருண் சக்கரவர்த்தி 2018-இல் மதுரை அணிக்காக டிஎன்பிஎல் ஆடினார், அதே டிசம்பரில் 8.4 கோடிக்கு ஏலம் போனார். யாராவது அணியின் பெயரைச் சொன்னால், மாவட்டச் சங்கச் செயலாளரிடம் நேரில் போய் விசாரியுங்கள். பையனின் கோச்சிடமும் கேளுங்கள். "யாரிடமும் சொல்லாதீர்கள், போட்டி அதிகம்" என்று வாய்ப்பு தருவதாக வந்தவன் சொன்னால் கட்டாயம் சொல்லுங்கள்.

இன்னொன்றும் நடந்தது. இந்தக் கும்பலிடம் நம்பர் வாங்கியிருப்பான் போல, வேறொருவன் அழைத்து, வடநாட்டில் தனியார் டி20 லீக், டிவியில் வரும், 30,000 கட்டினால் அணியில் இடம் என்றான். இதை நாங்கள் தடுத்துவிட்டோம். இதில் பணத்தோடு பையனின் எதிர்காலமும் போகலாம். இந்திய கிரிக்கெட் வாரியமான பிசிசிஐ அங்கீகரிக்காத லீக்கில் பதிவு பெற்ற வீரர்கள் ஆடக் கூடாது. 2007-இல் அப்படி அங்கீகாரம் இல்லாத ஐசிஎல் (இந்தியன் கிரிக்கெட் லீக்) ஆடப் போனவர்களுக்குத் தடை விழுந்தது. அம்பத்தி ராயுடு போன்றவர்கள் 2009-இல் பொதுமன்னிப்பு கிடைத்த பிறகுதான் திரும்பி வந்தார்கள். டிவி, ஜெர்சி, கமென்ட்ரி இருந்தால் நிஜம் என்றும் நினைக்காதீர்கள். 2022-இல் குஜராத்தின் மேசானா மாவட்டத்தில் வயலில் மைதானம் போட்டு, கூலியாட்களுக்கு ஆளுக்கு 400 ரூபாய் கொடுத்து ஐபிஎல் ஜெர்சி மாட்டி, கமென்டேட்டர் ஹர்ஷா போக்ளே குரலில் ஒருவனைப் பேசவிட்டு, ரஷ்யாவில் பந்தயம் கட்டுபவர்களையே ஏமாற்றியிருக்கிறார்கள்.

பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள். அன்றைக்கே அழைத்தால் அந்தக் கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம். நாங்கள் தாமதமாகச் சொன்னதால் கடைசியாக அனுப்பியதில் ஒரு பகுதி மட்டும் வங்கியில் நிற்கிறது. யுபிஐ ரசீது, வாட்ஸப் உரையாடல், கடிதம் எதையும் அழிக்காதீர்கள். அந்த டி-ஷர்ட்டையும் போலீஸில் கொடுத்திருக்கிறோம்.

அந்த மைதானத்துக்கு வந்திருந்த பையன்களின் பெற்றோர் யாராவது இதைப் படித்தால், ஊர் சிரிக்கும் என்று சும்மா இருந்துவிடாதீர்கள். உங்கள் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் தனியாகப் புகார் கொடுங்கள். பணம் போன கணக்கு எண்ணையும் அதில் எழுதுங்கள். எங்கள் வழக்கை விசாரிக்கும் அதிகாரி கேட்டதும் இதைத்தான்: ஒரே கணக்கு மேல் பல ஊர்களிலிருந்து புகார் வர வேண்டும்.