இலைக் கருகலுக்கும் ஆறாத புண்ணுக்கும்: ஆன்டிபயாடிக்கா, ஃபேஜா?

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் கண்மாய்ப் பாசன வயல்களில், மழையும் காற்றும் சேர்ந்து அடித்த பிறகு நெல் தோகையின் ஓரம் மஞ்சளாகி, நுனியிலிருந்து காய்ந்து இறங்கினால் பாக்டீரியா இலைக் கருகலாக இருக்கலாம். சந்தேகமா? தோகையை நறுக்கி, வெட்டுவாய் முங்கும்படி கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் நிறுத்துங்கள். சற்று நேரத்தில் வெட்டிய இடத்திலிருந்து பால்போல ஒரு கசிவு இறங்கும். அவ்வளவும் இந்த நோயை உண்டாக்கும் சாந்தோமோனாஸ் கிருமி.

இதற்குப் பழகிப்போன மருந்து, ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின் என்ற இரண்டு ஆன்டிபயாடிக்குகள் கலந்த பொடி. கூடவே காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற செம்பு மருந்து. கைக்கு எட்டும், உடனே அடிக்கலாம். ஆனால் ஸ்ட்ரெப்டோமைசின் காசநோயாளிகளுக்கு ஊசியில் போட்ட மருந்து! அதை ஏக்கர் கணக்கில் தெளித்தால் மண்ணிலுள்ள மற்ற பாக்டீரியாக்களும் அடிபடும். தப்பிப் பிழைத்தவை அந்த மருந்துக்கு மசியாமல் பெருகும். பயிருக்கு இந்த இரண்டு ஆன்டிபயாடிக்குகளையும் தடை செய்யும் வரைவு ஆணையை மத்திய அரசு 2021 டிசம்பரில் வெளியிட்டது. எனக்கு அது முழுக்க நியாயமாகவே படுகிறது.

ஃபேஜ் என்பது பாக்டீரியாவை மட்டும் தாக்கும் வைரஸ். 1915இல் டிவோர்ட், 1917இல் டெரெல் என்ற இரு விஞ்ஞானிகள் தனித்தனியே கண்டது. கிருமிமேல் ஒட்டி, தன் மரபுப்பொருளை உள்ளே செலுத்தி, அங்கேயே பெருகி, கிருமியை உடைத்துக்கொண்டு வெளியேறும். பயிருக்கோ நமக்கோ அது தொற்றாது. தக்காளி, மிளகாயின் பாக்டீரியா புள்ளிநோய்க்கு அமெரிக்கா 2005இலேயே ஒரு ஃபேஜ் தயாரிப்பைப் பதிவு செய்தது. இதன் பெரிய எதிரி வெயில். புற ஊதாக் கதிரில் சீக்கிரம் செயலிழந்துவிடும். செட்டிநாட்டு வெயிலுக்குப் பொழுது சாயும் நேரத்தில் தெளித்தால்தான் பலன். கொழுப்பு நீக்கிய பால்பொடி சேர்த்தால் இலையில் கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்கும் என்பதும் சோதித்துப் பார்த்த விஷயம்.

மனிதர் விஷயத்தில் என் கணக்கு வேறு. சர்க்கரை நோயாளியின் கால்புண்ணிலிருந்து கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டால் யோசிக்கவே கூடாது, ஆன்டிபயாடிக்தான். எந்தக் கிருமி என்று தெரியும் முன்பே அதைத் தொடங்க முடியும். ஃபேஜுக்கு அது முடியாது. சீழை வளர்த்து, கிருமியை அடையாளம் கண்டு, அதற்குப் பொருந்தும் ஃபேஜைத் தேட வேண்டும். ஆனால் எந்த மருந்துக்கும் கட்டுப்படாத கிருமி என்றால்? 2016இல் அமெரிக்காவின் சான்டியாகோவில் டாம் பேட்டர்சன் என்பவர் அப்படிப்பட்ட அசினெட்டோபாக்டர் என்ற பாக்டீரியாவின் தொற்றிலிருந்து ஃபேஜ் சிகிச்சையில் பிழைத்தார். ஜார்ஜியாவின் திபிலீசியில் 1923இல் தொடங்கிய எலியாவா நிலையம் இன்றும் இந்தச் சிகிச்சை தருகிறது. நம் ஊர் மருந்துக்கடையில் சீட்டைக் காட்டி ஃபேஜ் வாங்கும் நிலை வரவில்லை. அந்தப் பெயரில் யாராவது புட்டி விற்றால் வாங்காதீர்கள்.

பாக்டீரியா ஃபேஜுக்கும் தப்பப் பழகும். அதனால்தான் பல ஃபேஜ்களைக் கலந்து கொடுக்கிறார்கள், சில வேளை ஆன்டிபயாடிக்கோடு சேர்த்தும்.

ஆக, வயலுக்கு ஃபேஜ் வரட்டும். ஆன்டிபயாடிக்கை ஆஸ்பத்திரிக்கே விட்டுவைப்போம். அதுவரை கருகல் கண்ட வயலில் யூரியாவை நிறுத்துங்கள். அந்த வயல் தண்ணீரை அடுத்த வயலுக்குத் திறந்துவிடாதீர்கள். புதுச் சாணத்தைக் கரைத்து வடிகட்டி, 20 சதவீதக் கரைசலாகத் தெளிப்பது வேளாண் பல்கலைக்கழகமே சொல்லும் வழி.