முறைசார் மொழிகளும் ஓட்டோமேட்டாக் கோட்பாடும்: ஒரு பாடநெறி மதிப்பீடு

மலையகத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் கணினி விஞ்ஞான மாணவர்களுக்குத் தெரிவுப் பாடமாக வழங்கப்படும், கற்பனை இயந்திரங்களால் எதைச் செய்யலாம், எதைச் செய்யமுடியாது என்று ஆராயும் இப்பாடநெறியை, நிரல் எழுதுவதில் மட்டும் நாட்டமுள்ள பலர் தவிர்த்துவிடுகிறார்கள். அதைப் படித்து முடித்தவன் என்ற வகையில், பாடங்களைப் பதிவுசெய்யக் காத்திருக்கும் தம்பி தங்கையருக்காக இதை எழுதுகிறேன். என் கணிப்பில் இது விடக்கூடாத பாடம். ஆயினும் அந்த இயந்திரங்களின் நிலைப் படங்களை வரைவதற்கு இங்கே ஒதுக்கப்படும் நேரத்தில் பாதிகூட நிறுவல்களுக்கு ஒதுக்கப்படுவதில்லை.

முதற்பாதி மிகச் சிறப்பாக அமைந்திருக்கிறது. எழுத்துத்தொகுதி, சரம் (எழுத்துகளின் வரிசை), மொழி (சரங்களின் தொகுப்பு) ஆகியவற்றின் வரைவிலக்கணங்கள் முடிந்ததும், சரத்தைக் குறியீடு குறியீடாக வாசித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு அடுத்த நிலைக்குச் சென்று, முடிவில் ஏற்கும் நிலையில் நின்றால் சரத்தை ஏற்கும் இயந்திரமான டிஎஃப்ஏவுக்கு விரிவுரையாளர் எடுத்துக்கொண்ட உதாரணம் பதுளைக்குச் செல்லும் மலைநாட்டு ரயில் பாதை. டேப்லட் (பாதையில் செல்ல அனுமதி தரும் உலோக வில்லை) முறையில் இயங்கும் ஒற்றைத் தண்டவாளப் பகுதியில், சாரதியின் கைக்கு டேப்லட் வந்தால்தான் ரயில் புறப்படலாம். அது அடுத்த நிலையத்துக் கருவிக்குள் போடப்படும்வரை இன்னொன்று வெளியே வராது. பாதை வெறுமை, பாதையில் ரயில் என்ற இரு நிலைகளையும், வரிசை தவறி வரும் நிகழ்வுகள் போய் விழும் மூன்றாவது நிலையையும் கரும்பலகையில் கண்டபோது, அந்தப் பாதையால் ஊருக்குப் போய்வருகிற எங்களுக்கு ஏற்கும் நிலை என்றால் என்னவென்று உடனே விளங்கியது.

ஒரே குறியீட்டுக்குப் பல நிலைகளுக்குச் செல்லக்கூடிய என்எஃப்ஏ எதை ஏற்குமோ அதை ஒரு டிஎஃப்ஏவும் ஏற்கும் என்று ராபினும் ஸ்கொட்டும் 1959இல் காட்டியதை, அதற்குச் செலுத்தவேண்டிய விலையோடு சேர்த்தே கற்பித்தார்கள். 0, 1 மட்டும் கொண்ட சரத்தில் கடைசியிலிருந்து பத்தாவது குறியீடு 1 ஆக இருக்கவேண்டும் என்றால், என்எஃப்ஏவுக்கு 11 நிலைகள் போதும். டிஎஃப்ஏவுக்கோ 1024 நிலைகளுக்குக் குறைந்தால் முடியாது.

ஒப்படைகளில் ஒன்றை விசேடமாகக் குறிப்பிட வேண்டும். யுனிகோட் தமிழ்ச் சொல்லொன்றில் உயிர்க்குறியோ புள்ளியோ மெய்யைத் தொடராமல் வந்தால் நிராகரிக்கும் டிஎஃப்ஏவை அமைக்கச் சொன்னார்கள். இலகுவாகத் தோன்றும். ஆனால் 'கொ' என்பதில் உள்ள குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலும் என இரண்டாகவும் எழுதலாம் என்பதால், மெய்க்குப் பின் ஒரு குறியை மட்டும் அனுமதிக்கும் இயந்திரம் சரியான சொற்களையும் தள்ளிவிடும். நிலைகளை ஏன் பிரிக்கிறோம் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த விரிவுரையும் உணர்த்தவில்லை.

குறை, ஒரு மொழி ரெகுலர் அல்ல, அதாவது எந்த டிஎஃப்ஏவாலும் ஏற்கமுடியாதது என்று காட்ட உதவும் பம்பிங் லெம்மாவில் தொடங்குகிறது. ஒவ்வொரு ரெகுலர் மொழிக்கும் அதற்கென ஒரு நீளம் உண்டு, அதற்குக் குறையாத சரத்தை மூன்றாகப் பிரித்து நடுத்துண்டை எத்தனை முறை எழுதினாலும் மொழிக்குள்ளேயே இருக்கும்படி செய்யலாம் என்று கூறும் இந்த லெம்மாவை எதிராளியோடு ஆடும் விளையாட்டாகப் பார்த்தால், அந்த நீளம் p ஐ எதிராளிதான் தருவார். சரத்தை நாம் தெரிவுசெய்வோம். அதை மூன்றாகப் பிரிப்பவர் மீண்டும் எதிராளி. முதலில் a களும் பின் அதே எண்ணிக்கையில் b களும் வரும் மொழிக்கு, p எண்ணிக்கை a, தொடர்ந்து p எண்ணிக்கை b கொண்ட சரத்தைக் கொடுத்தால், முதல் p எழுத்துகளுக்குள் அடங்கவேண்டிய நடுத்துண்டில் a மட்டுமே இருக்கும். அதை இருமுறை எழுதினால் a கூடிவிடும், சரம் மொழிக்கு வெளியே போய்விடும். ஒரே விரிவுரையில் இது ஓடிமுடிந்ததால், p ஐ 5 என்று தாமாகவே வைத்துக்கொண்டு நிறுவத் தொடங்கியவர்கள் வகுப்பில் பலர். ரெகுலர் அல்லாத சில மொழிகளும் இந்த லெம்மாவை நிறைவுசெய்யும் என்பதும், ஒரு மொழி ரெகுலரா இல்லையா என்று தீர்மானிக்க அங்கே கைகொடுக்கும் மைஹில்–நெரோட் தேற்றமும் பாடத்திட்டத்திலேயே இல்லை.

சரங்களை விதிகளால் உருவாக்கும் சந்தர்ப்பம் சாரா இலக்கணங்களும், அவற்றின் மொழிகளை ஏற்கும், அடுக்கு நினைவகம் கொண்ட அடுக்குத் தானியங்கிகளும் குறையின்றி நடந்தன. ஆனால் எந்த நிரலையும் எந்த உள்ளீட்டையும் கொடுத்தாலும் அது ஓடி முடிந்து நிற்குமா என்பதைத் தவறாமல் சொல்லும் நிரல் இருக்கமுடியாது என்ற முடிவு, 1936இல் டியூரிங் திறந்துவிட்ட அந்தப் பெரும் வாசல், கடைசி வாரத்துக்குள் திணிக்கப்பட்டது. மாணவர் இந்தப் பாடத்துக்கு வருவதே அதற்காகத்தான் என்று நான் நம்புகிறேன். படம் வரையும் வாரங்களில் இரண்டையாவது எடுத்து அங்கே சேர்க்கவேண்டும்.

விரிவுரைகள் முழுவதும் ஆங்கிலத்தில் நடக்கின்றன. தமிழில் உயர்தரம் படித்து வந்தவர்களைத் தாங்குவது, சிரேஷ்ட மாணவர்கள் விடுதியில் நடத்தும் குப்பி வகுப்புகளே. டிஸ்கிரீட் கணிதத்தில் தொகுத்தறி முறையும் முரண்பாட்டு நிறுவலும் கைவந்த பின்னரே பதிவுசெய்யுங்கள். டிஎஃப்ஏக்களை ஓட்டிப் பார்க்க ஜேஃப்ளாப் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. நிறுவல்களைக் கையால் எழுதி, குப்பியில் அண்ணா அக்காமாரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.