லைட்னிங்கில் பணம் அனுப்ப எந்த வழிதேடல் தேறும்?

பிட்காயினின் லைட்னிங் வலையமைப்பு, ஒவ்வொரு பரிமாற்றத்தையும் பிளாக்செயின் என்ற பொதுப் பேரேட்டில் பதியாமலேயே பணம் அனுப்ப உதவுகிறது. இரண்டு நோடுகள், அதாவது வலையமைப்பில் இணைந்த கணினிகள், தங்களுக்குள் பணத்தைப் போட்டு வைக்கும் இணைப்புதான் சேனல்; நேரடிச் சேனல் இல்லாதவருக்குப் பணம் பல சேனல்களைக் கடந்து போகும். பொதுவில் அறிவிக்கப்பட்ட ஒரு சேனலின் மொத்தக் கொள்ளளவு எல்லோருக்கும் தெரியும். அதில் எந்தப் பக்கம் எவ்வளவு பேலன்ஸ் என்பது அந்த இரு நோடுகளுக்கு மட்டும்தான் வெளிச்சம். வழிதேடும் முறைகள் வேறுபடுவது இந்த இருட்டை எப்படிச் சமாளிக்கின்றன என்பதில்தான்.

பழைய முறை எளிது. அனுப்புகிற நோடு, வலையமைப்பின் வரைபடம் முழுவதையும் கையில் வைத்துக்கொண்டு, செலவு குறைந்த பாதையைக் கண்டுபிடிக்கும் டைக்ஸ்ட்ரா கணக்குப் போட்டு, கட்டணம் குறைந்த பாதையில் பணத்தை விட்டுப் பார்க்கும். நடுவில் பேலன்ஸ் போதாவிட்டால் பிழைச் செய்தி திரும்பும். அப்புறம் அடுத்த பாதை. டீக்காசுக்கு இது போதும்.

தொகை பெரிதானால் கதை வேறு. 2021இல் ஆய்வாளர்கள் ரெனே பிக்ஹார்ட்டும் ஸ்டெஃபான் ரிக்டரும் வைத்த கணக்கு இங்கே உதவும். பேலன்ஸ் எந்த அளவிலும் இருக்கச் சம வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 லட்சம் சடோஷி (பிட்காயினின் மிகச்சிறு அலகு) கொள்ளளவுள்ள சேனலில் 5 லட்சம் போய்ச்சேர வாய்ப்பு 50 சதவீதம். அப்படி மூன்று சேனல்களைக் கடக்க வேண்டுமென்றால் 12.5 சதவீதம்தான். அதே தொகையை ஒரு கோடி சடோஷி சேனல்கள் மூன்றின் வழியே விட்டால் 85 சதவீதத்துக்கு மேல்! ஆகவே கட்டணத்தோடு இந்த வாய்ப்பையும் செலவாகக் கருதி, தொகையைப் பல பாதைகளில் பிரித்து அனுப்புகிறார்கள். கோர் லைட்னிங் என்ற நோடு மென்பொருளின் ரெனேபே இந்த வழியில் வந்ததுதான். சொந்த நோடு வைத்துப் பெரிய தொகை அனுப்புபவருக்கு என் ஓட்டு இதற்கே. குறையும் உண்டு: பல சேனல்களில் பேலன்ஸ் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடக்கும், சம வாய்ப்பு என்ற ஊகம் அங்கே தடுமாறும். தொகை எதுவானாலும் வசூலிக்கும் அடிப்படைக் கட்டணமும் கணக்கைக் கடினமாக்கிவிடுகிறது.

கைப்பேசி வாலட்டுக்கு டிராம்போலின். வரைபடத்தைத் தூக்கிச் சுமக்க வேண்டாம், வழிதேடும் வேலையை இன்னொரு நோடிடம் விட்டுவிடலாம். ஃபீனிக்ஸ் வாலட் செய்வது இதைத்தான். ஆனால் இடையில் ஒரே ஒரு டிராம்போலின் நோடு இருந்தால், பணம் யாருக்குப் போகிறது என்பது அதற்குத் தெரிந்துவிடும். அந்தரங்கம் முக்கியம் என்பவர்கள் யோசிக்க வேண்டும்.

2020இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் முன்வைத்த ஸ்பைடர் இன்னும் துணிச்சலானது. பணத்தைச் சிறு துண்டுகளாக்கி, இணையப் பொட்டலங்களைப் போல நோடுகளில் வரிசையில் நிறுத்தி, நெரிசலுக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைப்பது. இன்றைய லைட்னிங்கில் இதை இறக்க வேண்டுமானால் இடைநோடுகளும் மாற வேண்டும். அது சீக்கிரம் நடக்கும் என்று தோன்றவில்லை. ஆனால் அது தொட்ட ஒரு விஷயத்தை மற்ற முறைகள் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. பணம் ஒரே திசையில் போய்க்கொண்டே இருந்தால் சேனல் ஒரு பக்கம் காலியாகிவிடும். வாங்க மட்டுமே செய்து, கொடுக்காத ஒரு கடையின் சேனல்கள் நிரம்பிய பிறகு, எந்த வழிதேடலாலும் அதற்கு ஒரு சடோஷிகூட அனுப்ப முடியாது. பிளாக்செயினுக்குப் போய்த்தான் சேனலைச் சரிசெய்ய வேண்டும், அதற்கான கட்டணம் தனி.