மதனகாமப்பூ: பொட்டலத்தில் இருப்பது பூ அல்ல

நாட்டு மருந்துக் கடையில் ஆண்மைக்கு என்று விற்கும் மதனகாமப்பூவைக் கேட்டால் கையில் வருவது பழுப்புச் செதில்கள். ஆப்பு வடிவம், ஒன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலான நீளம், நுனியில் மேல்நோக்கி வளைந்த முள். திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் முழுக்கக் கடுகைவிடச் சிறிய பைகள் அப்பியிருக்கும். அவைதான் மகரந்தப் பைகள். சைக்கஸ் சர்சினாலிஸ் ஆண் மரத்தின் கூம்பைப் பிரித்துக் காயவைத்த சரக்கு இது. மலையாளத்தில் ஈந்து என்பார்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய மரம். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐயூசிஎன்-இன் சிவப்புப் பட்டியலில் அருகிய இனம் (Endangered).

பைகள் மூடியிருந்தால், மகரந்தம் கொட்டும் முன்பே கூம்பை அறுத்துவிட்டார்கள் என்று பொருள். திறந்திருந்தால் நல்ல சரக்கு என்றும் சொல்லிவிட முடியாது; முற்றிய கூம்பு அறுத்த பிறகு காயும்போதும் பை வெடிக்கும். பொட்டலத்தில் தாவரப் பெயரோ, எந்தக் காட்டுச் சரக்கு என்பதோ இல்லாவிட்டால் வாங்காதீர்கள். பெரும்பாலும் இருக்காது.

இதில் கண்டிப்பு தேவை. ஈந்தில் ஆண் வேறு, பெண் வேறு. கூம்பு வைக்கும் ஆண் மரங்கள் அருகருகே இல்லாத இடத்தில் நான்கைந்து கூம்பை அறுத்தாலே அந்த ஆண்டு விளைச்சல் போச்சு. பெண் மரத்தில் காய் பருத்துத்தான் தொங்கும், உள்ளே கரு இருக்காது. கூம்பு இருப்பது தண்டின் உச்சியில். அரிவாளை ஆழமாகப் போட்டால் அடுத்த குருத்தும் வெட்டுப்பட்டு அழுகும்.

வீட்டில் ஆண் மரம் வைத்திருப்பவர்கள் மகரந்தம் முழுவதும் கொட்டிக் கூம்பு தளரும்வரை விட்டு, காம்பை மட்டும் சிறு ரம்பத்தால் அறுத்தால் மரத்துக்குச் சேதமில்லை. கொட்டும் நாளில் தாளை விரித்துத் தட்டிச் சேகரித்த மகரந்தத்தை உலர்த்திக் குளிரில் வைத்தால், பெண் மரம் மட்டும் உள்ள தோட்டத்துக்கு அனுப்பலாம். ஈந்து விதையை நெல்போல உலர்த்தி ஆண்டுக்கணக்கில் சேமிக்க முடியாது. அதனால் பல தோட்டங்களில் உயிருள்ள மரங்களாக வளர்த்து, மகரந்தமும் நாற்றும் மாற்றிக்கொள்வதே வழி. மரம் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றிலும் இருக்கிறது; ஒரு மாநிலம் மட்டும் கெடுபிடி செய்தால் சரக்கு அடுத்த சரிவிலிருந்து வரும். கோத்தகிரியின் கீஸ்டோன் அறக்கட்டளை நீலகிரி உயிர்க்கோளப் பகுதியில் இதன் அறுவடையை ஆராய்ந்திருக்கிறது. அறுவடைக் காலத்தை மூன்று வனத்துறைகளும் சேர்ந்து வகுக்க அது நல்ல தொடக்கம்.

மருந்தாகவும் கவனம் வேண்டும். இம்மரத்தின் விதையிலும் இலையிலும் ஈரலைக் கெடுக்கும் சைக்காசின் உண்டு. இதைப்போலவே ஆண்மைக்கு என்று சொல்லப்படும் அமுக்கரா வயலிலேயே விளைகிறது. சித்த மருத்துவரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள்.

வெளிநாட்டுப் பயணப் பெட்டியில் மதனகாமப்பூவை வைக்கவே வேண்டாம். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில், ஒன்றைத் தவிர சைக்கஸ் இனங்கள் எல்லாம் இரண்டாம் பட்டியலில் உள்ளன. ஆந்திரத்தின் சேஷாசல மலைக்குரிய சைக்கஸ் பெடோமி இன்னும் கடுமையான முதல் பட்டியலிலேயே இருக்கிறது. அதன் ஆண் கூம்பும் மருந்துச் சரக்குதான். செதிலாகக் காய்ந்த பிறகு இது எந்த மலையுடையது என்று கடைக்காரராலும் சொல்ல முடியாது.