டாக்டர் கைடா, மாடல் கைடா? கம்ப்யூட்டேஷனல் சைக்யாட்ரி பிஎச்டிக்கு யார்கிட்ட சேரலாம்

கைடு தேடுறவங்க முதல்ல பாக்குறது ஹெச்-இண்டெக்ஸ் (அவரோட பேப்பரை மத்தவங்க எவ்வளவு மேற்கோள் காட்டினாங்கங்கற ஸ்கோர்), அடுத்தது காலேஜ் பேரு. மனநோயைக் கணக்கு, கம்ப்யூட்டர் வச்சு ஆராயுற இந்த ஃபீல்டுல அதுக்கு முன்னாடியே பாக்க வேண்டியது, அவரு பேஷண்ட் பக்கத்து ஆளா, மாடல் (மூளை எப்படிக் கத்துக்குதுன்னு கணக்கா எழுதுறது) பக்கத்து ஆளா, இல்ல போன் டேட்டா ரெட்டிட் போஸ்ட்னு மெஷின் லேர்னிங் ஓட்டுற ஆளாங்கறதுதான். மூணு பேரோட வெப் பேஜ்லயும் 'மென்டல் ஹெல்த்'னுதான் போட்டிருக்கும், ஆனா அஞ்சு வருஷம் கழிச்சு வெளிய வரும்போது உங்க கையில இருக்குற வேலை மூணு இடத்துலயும் வேற வேற.

சைக்யாட்ரிஸ்ட் கைடு (பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரி மாதிரி இடம்னு வச்சுக்கங்க) கிட்ட போனா நிஜ பேஷண்டைப் பாக்கலாம், இது வேற எங்கயும் கிடைக்காது. டிப்ரஷன் அளக்குற பிஹெச்க்யூ-9 கேள்வித்தாள்ல மூணாவது கேள்விய எடுத்துக்கங்க, தூக்கம் வரலயா இல்ல ரொம்ப தூங்குறீங்களான்னு ரெண்டையும் ஒரே கேள்வியா கேக்கும், ராத்திரி பூரா முழிச்சிருக்கிறவருக்கும் பகல் பூரா படுத்தே கிடக்கிறவருக்கும் அதே 3 மார்க்குதான். டேட்டாவ எக்செல்ல மட்டும் பாத்தவனுக்கு இது உறைக்கவே உறைக்காது. ஆனா எத்திக்ஸ் கமிட்டி, ஓபி கூட்டம், சம்மதம்னு சொல்லிட்டு அடுத்த தடவை வராதவங்க, மருந்து டோஸ் மாத்துனதால தூக்கிப் போட வேண்டிய டேட்டான்னு ரெண்டு வருஷம் அதுலயே போயிடும். உங்க ப்ரோக்ராம் கோடுல தப்பு இருந்தா கண்டுபிடிக்கவும் ஆள் இருக்காது, அதுதான் எனக்கு பெரிய பயம்.

மாடல் கைடுகிட்ட வேகம் இருக்கும். ஆராய்ச்சியாளர் கில்லனோட குழு 2016ல போட்ட பேப்பர்ல முக்கியமான சோதனை 1,413 பேர் முடிவெடுக்குற கேம் ஒண்ணை ஆன்லைன்லயே விளையாடினது, ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்கல. ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங் (பரிசு கிடைக்குறத வச்சுக் கத்துக்குற மாடல்), பேசியன் ஃபிட்டிங் (மாடலை டேட்டாவோட பொருத்துறது), ஸ்டான் (அதுக்கான சாஃப்ட்வேர்) எல்லாம் பக்காவா கத்துக்கலாம். கைடு நல்லவரான்னு பாக்க ஒரு வழி இருக்கு, அவரோட ஸ்டூடண்ட் பேப்பர்ல பாராமீட்டர் ரெகவரி இருக்கான்னு பாருங்க, அதாவது தெரிஞ்ச லேர்னிங் ரேட்டை (எவ்வளவு வேகமா கத்துக்கறாங்கங்கற நம்பர்) வச்சு பொய் டேட்டா உருவாக்கி, மாடல் அதே நம்பரைத் திரும்பத் தருதான்னு சோதிச்சிருக்காங்களான்னு. அது இல்லாம 'டிப்ரஷன் உள்ளவங்களுக்கு லேர்னிங் ரேட் கம்மி'ன்னு எழுதியிருந்தா நான் அந்த லேப் பக்கம் போக மாட்டேன். குறை என்னன்னா, அங்க 'நோயாளி'ங்கறது பெரும்பாலும் ஃபார்ம்ல அதிக ஸ்கோர் போட்டவர்தான்.

மூணாவது டைப் மெஷின் லேர்னிங் கைடு, வேலை மார்க்கெட்டுக்கு இதுதான் சுலபம், பேப்பரும் சீக்கிரம் வரும். ஆனா 189 இன்டர்வியூ இருக்குற டெய்க்-வாஸ்ங்கற டிப்ரஷன் டேட்டாசெட்டையே ஆளாளுக்கு அரைச்சு அக்யூரஸி அரை சதவீதம் ஏத்துறது, ரெட்டிட்ல 'எனக்கு டிப்ரஷன்'னு எழுதினவரை அப்படியே லேபிள் போடுறது, இதெல்லாம் மனநலத்தப் பத்தின ஆராய்ச்சியான்னு எனக்கு சந்தேகம்தான்.

பேஷண்ட், மாடல் ரெண்டும் தெரிஞ்ச ஆளுங்க இருக்காங்க, லண்டன் யூசிஎல்ல க்வென்டின் ஹைஸ், சூரிச்ல க்ளாஸ் ஸ்டெஃபான், ஆனா அங்க போட்டி பயங்கரம். நமக்கு நடைமுறையில வர்றது முதல் ரெண்டுல ஒண்ணுதான். என்னைக் கேட்டா இன்ஜினியரிங் முடிச்சவங்க டாக்டர் கைடுகிட்ட போங்க, மாடல் தெரிஞ்ச கோ-கைடு கட்டாயம். சைக்காலஜி எம்ஏ முடிச்சவங்க மாடல் லேபுக்கே போங்க, கணக்கைத் தனியா உக்காந்து கத்துக்கறது ரொம்பக் கஷ்டம். யூகே போறதா இருந்தா மட்டும் இது மாறும், ஃபண்டிங் மூணுல இருந்து நாலு வருஷம்தான், புதுசா பேஷண்ட் சேக்குற ப்ராஜெக்ட் அதுல அடங்காது, ஏற்கனவே எடுத்து வச்ச டேட்டா இருக்கான்னு கேட்டுட்டு சேருங்க.

கோ-கைடுன்னதும் நம்பிடாதீங்க, பேப்பர்ல மட்டும் பேரு இருக்கும். ரெண்டு பேரும் சேந்து பேப்பர் போட்டிருக்காங்களான்னு பாருங்க. இந்தியாவுல ஷோத்கங்காங்கற தீசிஸ் வெப்சைட்ல கைடு பேரைப் போட்டா பழைய தீசிஸ் வரும், நிறைய தீசிஸ்ல ரெஜிஸ்டர் பண்ண தேதியும் முடிச்ச தேதியும் போட்டிருக்கும், எத்தனை வருஷம் இழுத்திருக்காங்கன்னு கணக்குப் போட்டுக்கலாம். அந்த லேபுல ஜேஆர்எஃப்னு மாசம் வர்ற 37,000 ரூபா உதவித்தொகை யாருக்கு யூஜிசில இருந்து நேரா வருது, யாருக்கு ப்ராஜெக்ட்ல இருந்து வருதுன்னும் கேளுங்க, ப்ராஜெக்ட் முடிஞ்சா அதுவும் நின்னுடும். இப்ப இருக்குற ஸ்காலர்கிட்ட 'சார் எப்படி'ன்னு கேட்டா 'நல்லவர்'னுதான் வரும், அதனால கடைசியா எப்ப உங்க கோடைத் திறந்து பாத்தாருன்னு கேளுங்க.