இறக்கி ஏற்றிப் பார்த்த மூன்று எஞ்சின்கள்: பீட்டில், மினி, 2சிவி

பழைய காரைப் புதுப்பிக்க ஆசைப்படுகிறவர் முதலில் கேட்பது, எந்தக் கார் அழகானது, எது வேகமாகப் போகும் என்பதுதான். எஞ்சினை ஒருமுறை தன் கையால் இறக்கிப் பார்த்தவருக்கு அந்தக் கேள்விகள் பின்னுக்குப் போய்விடும். இந்த எஞ்சினைத் தனியாளாக வெளியே எடுக்க முடியுமா, உள்ளே கெட்டிருப்பதை அது முன்கூட்டியே காட்டிக்கொடுக்குமா, சரிசெய்து ஏற்றிய பிறகு எத்தனை காலம் இறங்காமல் ஓடும் என்பவையே அவருக்கு முக்கியமாகின்றன. ஃபோக்ஸ்வாகன் பீட்டில், பழைய மினி, சிட்ரோயன் 2சிவி ஆகிய மூன்றையும் அந்த அளவுகோலை வைத்தே இங்கே மதிப்பிடுகிறேன். மூன்றுமே சாதாரணக் குடும்பங்களுக்காக வடிவமைக்கப்பட்டு, பல பத்தாண்டுகள் உற்பத்தியில் இருந்த சிறிய கார்கள். ஆனால் எஞ்சினை எங்கே வைப்பது, எப்படிக் குளிர்விப்பது என்பதற்கு மூன்று நிறுவனங்களும் மூன்று வெவ்வேறு விடைகளைக் கண்டன. குதிரைத்திறனைப் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. மூன்றின் திறனையும் கூட்டினால்தான் இன்றைய ஒரு சாதாரணக் காருக்கு ஈடாகும்.

பீட்டிலிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் நான் வேலை கற்றுக்கொண்டது அதில்தான். காரின் பின்பக்கத்தில், பக்கத்துக்கு இரண்டாகப் படுத்திருக்கும் நான்கு சிலிண்டர்களைக் காற்றே குளிர்விக்கிறது. ரேடியேட்டரும் இல்லை, தண்ணீர்ப் பம்பும் இல்லை. போருக்குப் பிறகு 1131 சிசியும் சுமார் 25 குதிரைத்திறனுமாக இருந்த இந்த எஞ்சின், 1954 மாடலில் 1192 சிசியாகி, 1970களின் தொடக்கத்தில் 1584 சிசியையும் 50 குதிரைத்திறனையும் எட்டியது. ஆனாலும் அடிப்படை அமைப்பு, மெக்சிகோவின் புவேப்லா ஆலையில் 2003 ஜூலை 30 அன்று கடைசிக் கார் வெளிவரும் வரை மாறவில்லை. மொத்தம் 2,15,29,464 கார்கள் என்பது நிறுவனத்தின் கணக்கு. அத்தனை நீண்ட காலம் ஒரே அமைப்பைப் பிடித்துக்கொண்டிருந்ததைப் பிடிவாதம் என்று விமர்சித்தவர்கள் உண்டு. ஒரு வருடத்துக் காரின் பாகத்தை இன்னொரு வருடத்துக் காரில் பொருத்தி ஓட்டுகிற நமக்கு அந்தப் பிடிவாதம் ஒரு கொடை.

பீட்டில் எஞ்சினைக் கியர்பாக்ஸோடு பிணைத்திருப்பவை நான்கே போல்ட்டுகள். பேட்டரி இணைப்பைக் கழற்றி, ஆக்ஸிலரேட்டர் கேபிள், ஹீட்டர் கேபிள்கள், பெட்ரோல் குழாய், சில ஒயர்கள் ஆகியவற்றை விடுவித்து, காரின் பின்பக்கத்தைப் போதிய உயரத்துக்குத் தூக்கித் தாங்கிகளில் நிறுத்திவிட்டால், சுமார் 110 கிலோ எடையுள்ள எஞ்சின் சற்றுப் பின்னால் நகர்ந்து, சக்கரம் வைத்த ஜாக்கியின் மேல் அப்படியே இறங்கிவிடும். கியர்பாக்ஸிலிருந்து நீளும் தண்டின் மேல் எஞ்சினின் பாரம் ஒரு கணமும் தொங்கக் கூடாது என்ற ஒன்றை மட்டும் கவனித்துக்கொண்டால் போதும்.

அதைவிட எனக்குப் பிடித்தது, இறக்குவதற்கு முன்பே அது தன் நோயைச் சொல்லிவிடுவது. பின்புற மூடியைத் திறந்து, பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டான கிராங்க்ஷாஃப்டின் முனையில் உள்ள கப்பியை இரு கைகளாலும் பிடித்து, முன்னும் பின்னுமாகத் தள்ளி இழுத்துப் பாருங்கள். கிராங்க் நீளவாக்கில் அசைய வேண்டிய அளவு 0.07 முதல் 0.13 மி.மீ. வரை, 0.15 மி.மீ. என்பது தேய்மானத்தின் எல்லை. நல்ல எஞ்சினில் இந்த அசைவு கைக்குத் தெரிவதே அரிது. ‘டொக்’ என்று சத்தம் கேட்டால், உள்ளே பேரிங் உட்காரும் இடம் அடிவாங்கியிருக்கிறது என்று பொருள். இரண்டு பாதிகளாகப் பிரியும் அந்த எஞ்சின் கூடு மக்னீசியக் கலவையால் ஆனது. எடை குறைவு, ஆனால் அதிகம் சூடேறி ஓடிய எஞ்சின்களில் பேரிங் இருக்கைகள் நீள்வட்டமாகிவிடுகின்றன. அப்போது அவற்றை ஒரே நேர்கோட்டில் கடைந்து, பெரிய அளவு பேரிங்குகளைப் போட வேண்டியிருக்கும். இது வீட்டில் செய்கிற வேலையன்று. பாகங்களின் மொத்தச் செலவையும் தீர்மானிக்கிற இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது என்பதால், கார் வாங்கப் போகிற இடத்தில் நான் முதலில் நீட்டுவது கையைத்தான்.

பீட்டிலைப் புதுப்பிக்கிற பலர் தவறுகிற இடம் எஞ்சினுக்கு உள்ளே இல்லை, அதைச் சுற்றியிருக்கும் தகரங்களில் இருக்கிறது. காற்றால் குளிரும் எஞ்சினுக்கு அந்தத் தகர உறைகளும், எஞ்சினுக்கும் காரின் உடலுக்கும் இடையே ஓடும் ரப்பர் பட்டையும்தான் ரேடியேட்டர். அந்த ரப்பர் இல்லாவிட்டால், கீழே வெளியேறிய சூடான காற்றையே விசிறி மறுபடியும் உறிஞ்சும். எஞ்சின் சூடேறும் வரை காற்றை மறித்து வைக்க, விசிறிக் கூட்டுக்குள் தெர்மோஸ்டாட் இயக்கும் மடல்கள் உண்டு. அவை தேவையற்றவை என்று பிறர் சொன்னதை நம்பி, என் முதல் எஞ்சினில் நானே அவற்றைக் கழற்றி ஓரமாக வைத்தேன். விளைவாக எஞ்சின் சூடேற நெடுநேரம் பிடித்தது, ஆயிலில் பெட்ரோல் வாடை ஏறியது. அடுத்த மாதமே மறுபடியும் எஞ்சினை இறக்கி, மடல்களைத் தேடி எடுத்து மாட்டினேன். இன்னொன்று, 3ஆம் எண் சிலிண்டர். பழைய மாடல்களில் ஆயில் கூலர் விசிறிக் கூட்டுக்குள் அந்தச் சிலிண்டருக்கு வரும் காற்றை மறித்து நிற்பதால், நான்கில் அதுதான் அதிகம் வேகும். 1971 மாடலில் கூலரை ஒதுக்கி, தனிக் காற்றுப்பாதை கொடுத்துச் சரிசெய்தார்கள். பழைய எஞ்சினைப் பிரிக்கிறவர் அந்தப் பிற்கால விசிறிக் கூட்டை வாங்கிப் பொருத்துவது நல்லது. அசல் வடிவம் கெடுகிறது என்று வருந்துவோரின் வாதம் என்னிடம் எடுபடவில்லை.

ஆயில் வடிகட்டி என்று தனியாக எதுவும் இதில் கிடையாது. அடியில் ஒரு கம்பி வலை மட்டுமே. இரண்டரை லிட்டர் ஆயிலை 5000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றி, வால்வு இடைவெளியையும் அப்போதே சரிபார்ப்பது பழைய ஒழுங்கு. அதைத் தவறவிட்டவர்களின் எஞ்சின்கள்தான் பெரும்பாலும் மலிவாக விற்பனைக்கு வருகின்றன. உடலைப் பொறுத்தவரை, மேற்கூடு அடித்தளத்தோடு போல்ட்டுகளால் இணைந்திருப்பதால் இரண்டையும் பிரித்து வேலை செய்யலாம். பக்கவாட்டில் ஓடும் ஹீட்டர் குழல்களும், பின் இருக்கைக்கு அடியில் பேட்டரி உட்காரும் தளமும்தான் துருவுக்கு முதல் இரை. ஹீட்டர் குழல்கள் காரின் எலும்பாகவும் இருப்பதால், கதவு வாசலுக்குக் குறுக்கே கம்பி வைத்து வெல்டிங் செய்யாமல் அவற்றை வெட்டினால், பிறகு எந்தக் கதவும் ஒழுங்காகச் சாத்தாது.

மினியின் கதை வேறு. 1959 ஆகஸ்டில் வெளிவந்த இந்தக் காரில் அதன் வடிவமைப்பாளர் அலெக் இசிகோனிஸ் செய்த வேலையை எத்தனை முறை பார்த்தாலும் வியப்பு குறைவதில்லை. மூன்று மீட்டரைச் சற்றே தாண்டும் நீளத்துக்குள் நான்கு பேரை உட்காரவைக்க, எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி, கியர்பாக்ஸை அதன் அடியில், ஆயில் நிற்கும் தொட்டிக்குள்ளேயே வைத்துவிட்டார். எஞ்சின் புதிதன்று, 1951இல் ஆஸ்டின் ஏ30 காரில் 803 சிசியாக அறிமுகமான ஏ-சீரிஸ்தான் மினியில் 848 சிசியாகவும் 34 குதிரைத்திறனாகவும் வந்து, பிறகு 1275 சிசி வரை வளர்ந்தது. ஓட்டுகிறவருக்கு இந்த அமைப்பு வரம். ஸ்பேனரைப் பிடிக்கிறவருக்கு அப்படிச் சொல்ல முடியாது. எஞ்சினுக்கும் கியருக்கும் ஒரே ஆயில் என்பதால், கியர்ப் பற்கள் அந்த ஆயிலை ஓயாமல் அரைத்துக்கொண்டே இருக்கின்றன. பழைய ஆயிலை வடிக்கும்போது காந்தம் வைத்த அடித்திருகில் ஒட்டியிருக்கும் இரும்புத்தூளைப் பார்த்தே கியர்பாக்ஸின் வயதை ஓரளவு கணிக்கலாம்.

இரண்டாவது கியரின் சிங்க்ரோமெஷ் (கியர் உரசாமல் விழ உதவும் வளையம்) ஒன்றை மாற்றக்கூட எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒன்றாக வெளியே வந்தாக வேண்டும். மேலிருந்து கிரேனால் தூக்கலாம், அல்லது எஞ்சினைத் தாங்கும் துணைச் சட்டமான முன்பக்க சப்ஃபிரேமோடு சேர்த்துக் கீழே இறக்கிவிட்டு உடலை உயர்த்தலாம்; எப்படிச் செய்தாலும், கை நுழையாத இடத்தில் ஒரு நட்டு மிச்சம் இருந்தே தீரும். கிளட்ச்சை மட்டும் எஞ்சினை இறக்காமலே மாற்றலாம் என்பது ஆறுதல். ஆனால் ஃபிளைவீல் கூம்பு வடிவ முனையில் இறுகியிருப்பதால், அதற்கென்றே உள்ள இழுப்பான் இல்லாமல் சுத்தியலோடு அதை அணுகுவது கிராங்க்ஷாஃப்டுக்குச் செய்யும் துரோகம். முன்மாதிரிக் கார்களில் கார்பரேட்டர் முன்பக்கம் இருந்தது. பிறகு எஞ்சினைத் திருப்பி வைத்ததால் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் முகப்புக் கம்பிகளுக்கு நேர் பின்னால் வந்து, கனமழையில் நனைந்து கார் நின்றுபோவது மினியின் அடையாளங்களில் ஒன்றாயிற்று. ஒரு ரப்பர் மறைப்பு இதைத் தீர்த்துவிடும். சிலிண்டர் ஹெட்டைக் கழற்றியிருக்கும்போதே, ஈயமில்லாத பெட்ரோலைத் தாங்கும் கடினமான எக்ஸாஸ்ட் வால்வு இருக்கைகளைப் போட்டுவிடுவது உத்தமம்.

மினியில் உண்மையான போராட்டம் எஞ்சினோடு இல்லை, தகரத்தோடுதான். பின்பக்க சப்ஃபிரேம், வாசற்படிகள், முன்கதவுக்கு முன்னுள்ள சிறு தகடு, முன்கண்ணாடிக்குக் கீழுள்ள மடிப்பு என நீர் தேங்கும் இடங்கள் ஏராளம். பழைய வாசற்படி உளுத்துப்போனதை வெட்டி எடுக்காமல், அதன்மேல் இன்னொரு தகட்டை ஒட்டவைத்து வெல்டிங் செய்து பெயிண்ட் அடித்துவிடுவது ஒரு பழைய குறுக்குவழி. வடிகால் துளைகள் அடைபட்டு உள்ளே துரு இரண்டு மடங்கு வேகத்தில் வேலை செய்ய, வெளியே மட்டும் மினுக்கு மிஞ்சும். டிங்கரிங் தெரியாதவர் மினியைத் தொட வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். ஆனால் முடித்த பிறகு அதை ஓட்டிப் பார்க்க வேண்டும்! அலெக்ஸ் மோல்டன் வடிவமைத்த ரப்பர்க் கூம்பு சஸ்பென்ஷனும், நான்கு மூலைகளுக்கும் தள்ளப்பட்ட 10 அங்குலச் சக்கரங்களும் சேர்ந்து, வளைவுகளில் மற்ற இரண்டு கார்களையும் மாட்டுவண்டிகளாக்கிவிடும். மோன்டி கார்லோ ராலியை 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மினி வென்றதில் அதன் ஓட்டுநர்களுக்குச் சமமான பங்கு இந்த அமைப்புக்கும் உண்டு.

2சிவியைப் பற்றிச் சுருக்கமாகவே எழுத முடியும், ஏனெனில் அதன் எஞ்சினைப் பிரிக்கும் அவசியம் எனக்கு அதிகம் வரவில்லை. 1948இல் பாரிஸ் கண்காட்சியில் 375 சிசி, 9 குதிரைத்திறனோடு காட்டப்பட்டு, பின்னாளில் 602 சிசியும் 29 குதிரைத்திறனுமாக வளர்ந்த, முன்பக்கத்தில் காற்றால் குளிரும் இந்த இரட்டைச் சிலிண்டர் எஞ்சினை வடிவமைத்தவர் வால்டர் பெக்கியா. கெட்டுப்போகக்கூடிய பாகங்களை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போனால் என்ன மிஞ்சும் என்று பார்த்ததைப் போல இருக்கிறது அது. சிலிண்டர் ஹெட்டுக்கு கேஸ்கட் கிடையாது. உலோகத்தோடு உலோகம் துல்லியமாகப் பொருந்துகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் கிடையாது, இரண்டு பிளக்குகளும் ஒரே நேரத்தில் பொறிவிடுகின்றன. விசிறி நேராகக் கிராங்க் முனையிலேயே உட்கார்ந்திருப்பதால், அதைச் சுழற்ற பெல்ட்டும் வேண்டாம். சக்கர நட்டுகளைக் கழற்றும் கம்பியே, பேட்டரி இறங்கிய நாளில் எஞ்சினைக் கையால் சுற்றிக் கிளப்பும் கைப்பிடியாகிறது.

இந்த எளிமைக்கு ஒரு விலை உண்டு. கிராங்க்ஷாஃப்டைத் துண்டுகளாகச் செய்து, ஒற்றைத் துண்டான கனெக்டிங் ராடுகளை இடையில் வைத்து அழுத்திச் சேர்த்திருப்பதால், ராடு கிராங்க்கோடு சேரும் பெரிய முனை பேரிங் போய்விட்டால் மற்ற எஞ்சின்களைப் போலப் புது பேரிங் ஓடுகளைப் போட்டு முடிக்க முடியாது. முழுத் தொகுதியையும் மாற்ற வேண்டும். பொறிக்கான மின்சாரத்தை வெட்டிவிடும் பாயிண்டுகள் விசிறிக்குப் பின்னால் ஒளிந்திருப்பதும் எரிச்சலூட்டும், எலக்ட்ரானிக் இக்னிஷன் பொருத்தும் வரை. முன்பக்க டிஸ்க் பிரேக் வந்த 1980களின் கார்களில் பச்சை நிறக் கனிம எண்ணெய்தான் பிரேக்கில் இருக்க வேண்டும். பழக்கதோஷத்தில் சாதாரண பிரேக் ஆயிலை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர்கள் அனைத்தும் வீணாகும். வேலை செய்யும் வசதியில் மட்டும் இதற்கு இணையே இல்லை. முன் மட்கார்டுகளைச் சில போல்ட்டுகளில் கழற்றிவிட்டால் எஞ்சின் வெட்டவெளியில் நிற்கும். இரண்டு பேர் அதைக் கையாலேயே தூக்கிவிடலாம். அடிச்சட்டம் துருப்பிடித்து ஓய்ந்திருந்தால், துத்தநாக முலாம் பூசிய புதுச் சட்டத்தை வாங்கி, உடலை அதன் மேல் மாற்றி உட்காரவைக்கிறார்கள். வெல்டிங் தெரியாத ஒருவர் ஒரு முழுக் காரையும் புதுப்பித்து முடிக்கக்கூடிய வழி எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

புதிதாகக் கட்டிய எஞ்சினை முதல்முறை கிளப்பும்போது பீட்டிலுக்கும் மினிக்கும் ஒரே எச்சரிக்கை பொருந்தும். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரால் சுற்றி அழுத்தத்தை ஏற்றிக்கொள்ளுங்கள். வால்வுகளைத் திறக்கவைக்கும் கேம்ஷாஃப்டும் அதன் மேல் உரசும் டாப்பெட்டுகளும் புதியவையாக இருந்தால், கிளம்பியவுடன் மெதுவான ஓட்டத்தில் விட்டுவிட்டு ரசித்துக்கொண்டிருக்காமல், நிமிடத்துக்குச் சுமார் 2000 சுற்றுகளில் இருபது நிமிடம் ஓடவிடுங்கள். அந்த முதல் இருபது நிமிடத்தில்தான் உரசும் பரப்புகள் ஒன்றுக்கொன்று பழகுகின்றன. ஆயிலும் துத்தநாகச் சேர்மம் போதிய அளவு கலந்த, பழைய எஞ்சின்களுக்கான வகையாக இருக்க வேண்டும்.

எஞ்சின் என்ற அளவில் முதலிடத்தைத் தயக்கமின்றி 2சிவிக்குத் தருகிறேன். எஞ்சின் வேலையைக் கற்றுக்கொள்ள விரும்புகிறவருக்கு மட்டும் பீட்டிலைச் சொல்வேன், ஏனெனில் 2சிவி கற்றுத்தரும் அளவுக்குக் கெடுவதில்லை. மினியை இரண்டாவது அல்லது மூன்றாவது காராக வைத்துக்கொள்வது நல்லது. வாங்கப் போகும்போது பெயிண்டைப் பார்க்க வேண்டாம். தரையில் படுத்து, பின்பக்க சப்ஃபிரேமையும் வாசற்படியின் அடிப்புறத்தையும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள், விற்கிறவர் அதற்குச் சம்மதித்தால்.