15 நிமிடத்தில் கறுக்கும் மருதாணிப் பொடியை வாங்காதீர்கள்

ரங்கூனில் இருக்கும் நம்ம ஆட்களுக்காக எழுதுகிறேன். வீட்டில் அரைத்த மருதாணிப் பொடி என்று பொட்டலம் போட்டு விற்கிறார்களே, அதைத் தலையில் தடவித்தான் என் அம்மா இந்தச் சித்திரை வருடப் பிறப்பன்று கண் திறக்க முடியாமல் கிடந்தார்.

விற்றவர் எங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு அக்கா. பெயர் போடப் போவதில்லை. "எல்லாம் அடுப்படிச் சாமான்தான் தங்கச்சி. மருதாணி, நெல்லிக்காய், டீத்தூள், வெந்தயம். கெமிக்கலே கிடையாது" என்றார். பொட்டலம் 12,000 கியாட். உள்ளே என்ன இருக்கிறது என்று மேலே ஒரு வரி கிடையாது. தண்ணீரில் குழைத்துத் தடவினால் 15 நிமிடத்தில் நரை கறுத்துவிடும்.

தீபாவளிக்கு முதல் தடவை போட்டபோது காதோரம் இரண்டு நாள் அரித்தது, அவ்வளவுதான். முடி கறுகறுவென்று இருந்ததில் அம்மாவுக்கு அத்தனை சந்தோஷம். அரிப்பை நாங்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

ஏப்ரல் 11 இரவு இரண்டாவது தடவை போட்டார். மறுநாள் நெற்றி சிவந்து தடித்தது. 13 காலையில் தலை முழுக்கக் கொப்புளம், காதுக்குப் பின்னால் நீர் வடிகிறது, இரண்டு கண்ணும் வீங்கி மூடிக்கொண்டன. குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று தனகா, அதான் பர்மாக்காரர்கள் முகத்தில் பூசும் மரப்பட்டை, அரைத்துப் பூசினேன். எரிச்சல் கூடத்தான் செய்தது. வெளியே திஞ்சான், பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா, தொடங்கிவிட்டது. தெருவெல்லாம் தண்ணீர் ஊற்றுகிறார்கள், டாக்ஸி கிடைக்கவில்லை, பக்கத்து க்ளினிக்குகள் பூட்டிக் கிடக்கின்றன. தலையில் துண்டைப் போட்டு அம்மாவைக் கைப்பிடித்து நடத்திக்கொண்டு போனேன். மூன்றாவதாகப் போன இடத்தில்தான் டாக்டர் இருந்தார். மூச்சு விடச் சிரமமாக இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார். அந்தக் கேள்வியில்தான் எனக்குக் கை கால் நடுங்கியது.

ஊசி போட்டு, ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்த பிறகு விளக்கினார். இத்தனை சீக்கிரம் கறுக்கிற பொடியில் பாரா ஃபீனைலீன் டையமைன் கலந்திருக்கும். சுருக்கமாக பிபிடி. கடை ஹேர் டையில் இருப்பதும் இதுதான். ஆனால் அந்த டப்பாவில் பெயர் அச்சிட்டிருக்கும், 48 மணி நேரம் முன்னால் தோலில் சோதித்துப் பார் என்ற எச்சரிக்கையும் இருக்கும். இந்தப் பொட்டலத்தில் எவ்வளவு கொட்டினார்கள் என்று யாருக்குத் தெரியும்? முதல் தடவையில் உடம்பு இதை எதிரியாக அடையாளம் வைத்துக்கொள்கிறதாம், அடுத்த தடவைதான் பாய்கிறதாம். இந்த ஒவ்வாமை பொதுவாக ஆயுசுக்கும் போகாது. அம்மா இனி எந்தக் கறுப்பு டையையும் தொடக் கூடாது.

அந்த அக்காவிடம் போனேன். "உங்கம்மாவுக்கு உடம்புச் சூடு. இத்தனை பேருக்குக் குடுத்திருக்கேன், ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல" என்றார். காசு திரும்பி வரவில்லை. போகட்டும். எங்கே வாங்கி அடைக்கிறீர்கள் என்றாவது சொல்லுங்கள் என்று கெஞ்சினேன், அதற்கும் பதில் இல்லை. இன்னும் விற்றுக்கொண்டுதான் இருக்கிறார்.

வெறும் மருதாணிக்குக் கறுப்பு வராது. அதிலுள்ள சாயம் செம்பட்டை, ஆரஞ்சு, போனால் செம்பழுப்பு. அதுவும் இரண்டு மூன்று மணி நேரம் ஊறினால்தான் நன்றாகப் பிடிக்கும். கறுப்பு வேண்டுமென்றால் அதன் மேல் நீலச் சாயம் தரும் அவுரி இலைப் பொடியைத் தனியாகப் போட வேண்டும், அதற்கும் மணிக்கணக்காகும். சந்தேகம் இருந்தால் ஒரு ஸ்பூன் பொடியை வெள்ளைத் தட்டில் குழைத்து வையுங்கள். நல்ல மருதாணி காய்ந்த தழை வாசனையோடு மெதுவாக ஆரஞ்சு விடும். எங்கள் வீட்டில் மிஞ்சிய பொடி சில நிமிடத்தில் மை மாதிரி ஆனது.

என் பாட்டி செய்த முறை இது. மருதாணி இலையை அரைத்து, கெட்டி டீத்தண்ணீரும் எலுமிச்சைச் சாறும் விட்டு, இரும்புச் சட்டியில் ராத்திரி முழுக்க வைப்பார். டீயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து நிறத்தைக் கொஞ்சம் ஆழமாக்கும். மருதாணி முடியை வறட்டும், அதனால் மறுநாள் ஊறவைத்த வெந்தயத்தைத் தயிரோடு அரைத்துத் தடவணும். அலச, காளி கோயில் பக்கம் தெயின்ஜி மார்க்கெட்டில் விற்கிற தயோ கின்பூனே போதும். கின்பூன் நம்ம சீயக்காய்தான், தயோ பட்டையின் கொழகொழப்பில் முடி சிக்கில்லாமல் வரும். நான் என் தலைக்கு இப்படித்தான் செய்கிறேன். அம்மாவுக்கு எந்தச் சாயமும் இனி வேண்டாம் என்று விட்டுவிட்டோம். தேங்காய் எண்ணெய் மட்டும்தான்.

அந்தப் பொடி யாராவது வீட்டில் இருந்தால், முதல் தடவை ஒன்றும் ஆகவில்லை என்று தயவுசெய்து இரண்டாவது தடவை போடாதீர்கள். ஏற்கனவே போட்டு அரிக்கிறதென்றால் உடனே நிறையத் தண்ணீர் விட்டு அலசிவிட்டு டாக்டரிடம் போங்கள். முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ க்ளினிக் தேடாமல் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கு. மிச்சப் பொட்டலத்தையும் கையோடு எடுத்துப் போங்கள். எங்களுடையதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். யாருக்காவது ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றால் காட்டுகிறேன்.